எத்தனை பேருக்கு நல்லது

எங்கள் சபை ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் ஹாலுக்குள் கூடியது. இதைச் சொன்னால் இப்போது பலரும் சிரிக்கிறார்கள். அப்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, நன்றிதான் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சலில் நாங்கள் இருந்தோம். 'நாங்கள்' என்றால் தெற்குச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தவர்கள். என் அம்மா செக்கிங்கில், அதாவது தைத்த பீஸில் ஓட்டையும் கறையும் பார்க்கும் வேலையில் இருந்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும். அந்த ஞாயிறுகளில் கிறிஸ்தவர்களான நாங்கள் காலையில் காணாமல் போய், ஆராதனை முடிந்து, வெயில் ஏறியபின் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்போம். பாதி லைன் காலியாகக் கிடக்கும்.

முதலாளி ஒருநாள் எங்கள் பாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"ஏனுங்க பாஸ்டருங்க, எங்கியோ ஒரு மாடி ரூம்ல புழுங்கிட்டுக் கும்புடறதுக்கு, இங்கியே பேக்கிங் ஹால்ல கும்புட்டுக்கலாமுங்களே. வெடியால வந்து கும்புட்டுட்டு அப்படியே மிஷின்ல உக்காந்துக்கலாமுங்க. உங்களுக்கும் ஆச்சு, கம்பெனிக்கும் ஆச்சு. எத்தன பேருக்கு நல்லதுன்னு பாருங்க."

'எத்தன பேருக்கு நல்லது' என்பது அவருடைய வார்த்தை. முற்றத்து வேப்பமரத்தை வெட்டும்போதும் அதைத்தான் சொன்னார், கம்பெனி பஸ் எங்கள் தெருவுக்கு வராமல் மெயின் ரோட்டோடு திரும்பிப் போகலாம் என்று முடிவெடுத்தபோதும் அதைத்தான் சொன்னார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் பாடு எவ்வளவோ சுலபமாகியிருக்கும். பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவார். எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

ஆக, அட்டைப்பெட்டிகள் எங்களுக்குப் பெஞ்சாயின. ஏதோ ஒரு ஐரோப்பியத் துறைமுகத்தின் பேர் அச்சடித்த மூன்று பெட்டிகளை அடுக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பாஸ்டர் வேதப் புத்தகத்தை வைத்தார். குழந்தைகள் பாலிதீன் கவர் மூட்டையின் மேல் தூங்கின. அயர்ன் டேபிளின் ஆவி வாசனைக்குள் நாங்கள் பாடினோம்.

இங்கே என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கே ஒரு கல்லூரியில், வேறு எதிலும் இடம் கிடைக்காததால் தத்துவம் படித்தவள் நான். அறவியல் என்று ஒரு தாள். அதில் பயன்வாதம் என்று ஒன்று வரும். எந்தச் செயலால் மிக அதிகமான பேருக்கு மிக அதிகமான நன்மை விளையுமோ அதுதான் சரியான செயல். கூட்டிக் கழித்துப் பார்க்கையில் எந்த மனிதருக்கும் ஒன்றுக்கு மேல் மதிப்பில்லை, ஒன்றுக்குக் கீழும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. துடைத்து வைத்த சமையல்கட்டு போல அதில் ஒரு சுத்தம் இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் நான் ஞாயிறு பள்ளியில் கற்ற கிறிஸ்தவ அறம். பொய் சொல்லாதே என்றால் சொல்லாதேதான். யாருக்கும் கெடுதல் இல்லாவிட்டாலும் பொய் பொய்தான். மந்தை முழுவதையும் விட்டுவிட்டு ஒற்றை ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பன் அங்கே நல்லவன். பயன்வாதியைக் கேட்டால் அவனை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்வான்.

'இரண்டையும் ஒப்பிடுக' என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். பாதைகள் வேறு, பெரும்பாலும் போய்ச் சேரும் ஊர் ஒன்றே என்று எழுதினேன். திருத்திய பேராசிரியர் நல்ல மார்க் போட்டார். அந்தப் பேராசிரியரை எங்கள் ஹாலில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் என்று பின்னாளில் எனக்கு வெறியே வந்தது.

எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அந்தக் காலத்தில்தான் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கிற ஆடிட். அதற்கு முந்தின வாரம் எங்கள் கம்பெனியில் ஒத்திகை நடக்கும். "ஞாயிறு லீவு. பின் ஷட்டர் எப்போதும் திறந்திருக்கும்." இந்த இரண்டையும் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். பின் ஷட்டர் என்பது பேக்கிங் ஹாலிலிருந்து நேரே சந்துக்குப் போகிற இரும்பு ஷட்டர். தீ கீ என்றால் ஓடுவதற்கு வைத்த வழி. ஆனால் முடிந்த பீஸ்கள் அந்த வழியாகக் காணாமல் போகின்றன என்று வெளிப்பக்கம் பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். ஆடிட் அன்று மட்டும் பூட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி வைப்பார்கள். அந்தத் தொட்டிகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த வருட ஆடிட்டுக்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு சம்பவம். அயர்ன் டேபிளின் வயர் பொசுங்கி, விரிப்பில் பிடித்து, தையல் பக்கத்துக் கதவை மறைத்து ஹால் முழுக்கப் புகை. பெண்கள் எல்லோரும் பின் ஷட்டருக்கு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது அயர்ன் டேபிளில் நின்ற அக்கா. ஷட்டர் பூட்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் அவர்மேல் விழுந்தார்கள், அவர்கள்மேல் மற்றவர்கள். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, தண்ணீரில் நனைத்த சாக்கைப் போட்டு அமுக்கினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மூஞ்சி அந்த இரும்புல ஒட்டிக் கெடந்துச்சு பிள்ள. மூச்சு உள்ள போவல" என்றார்.

அந்த அக்கா எங்கள் சபைதான். கணவர் இல்லை, ஒரே மகள் ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். எங்கள் லைன் வீட்டில் எங்களுக்கு இரண்டு வாசல் தள்ளி அவருடைய ஒற்றை அறை. அந்த லைன் வீடுகளும் முதலாளியுடையவை.

ஆடிட்டுக்கு வந்தவர் ஒரு டெல்லிப் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் நடுவில் உட்கார்ந்து அங்கே கேட்பதை இங்கேயும் இங்கே சொல்வதை அங்கேயும் மாற்றிச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேர் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். அடுத்து அக்கா வந்தார்.

"ஞாயித்துக்கெழம வேல உண்டும்மா" என்றார். "பின் ஷட்டர் பூட்டித்தான் கெடக்கும். இன்னைக்கு ஒங்களுக்காவத் தெறந்து வச்சிருக்காவ."

நான் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். வீரமெல்லாம் இல்லை. காலையிலிருந்து காதில் விழுவதை வாயால் தள்ளிக்கொண்டிருந்தேன், இதுவும் அந்த வேகத்தில் போய்விட்டது. போனபிறகுதான் டெல்லிப் பெண் அதை எழுதிக்கொள்வதைப் பார்த்தேன்.

ஆர்டர் நின்றது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்து பார்ப்பார்கள், அதுவரை புது வேலை கிடையாது என்று தகவல் வந்தது. கையிலிருந்த துணி தீர்ந்ததும் லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் மதியமே வீட்டுக்குத் திரும்பி வாசலில் உட்கார்ந்தார்கள். பகல் நேரத்தில் அந்தத் தெரு அவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை. அக்கா தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது.

அம்மா என்னிடம், "ஒன் வாயி சும்மா கெடக்கக் கூடாதா?" என்றாள்.

"அது என் வாய் இல்லம்மா. அக்கா சொன்னதத்தான சொன்னேன்."

"அவ தமிழ்லதானட்டி சொன்னா. இங்கிலீசுல சொன்னது நீதான?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

முதலாளி யாரையும் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு, ஆராதனை நடுவில், பின் ஷட்டரில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. ஷட்டர் மேலே ஏறியது. வெறுங்காலோடு முதலாளி நின்றுகொண்டிருந்தார். செருப்பைச் சந்திலேயே விட்டிருந்தார்.

"ஏனுங்க, அந்தப் பக்கந்தான் தாழு போட்டிருக்குதுன்னா, உள்ள ஆள வெச்சுட்டு இந்தப் பக்கமும் வெளிய பூட்டியா போட்டிருக்கறீங்க?" என்றார்.

சாவியோடு பின்னால் நின்ற வாட்ச்மேன் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர், "நாங்கதான் பூட்டச் சொன்னோம்யா" என்றார்.

உண்மைதான். மற்ற நேரத்தில் ஷட்டர் பூட்டியிருந்தாலும் தையல் பக்கத்து உள்கதவு திறந்திருக்கும். அதை எங்கள் ஆராதனை முடியும்வரை சூப்பர்வைசர் அந்தப் பக்கம் தாழ் போட்டிருப்பார். பின் ஷட்டர் வழியாக ஆரம்பத்தில் சிலர் பிரசங்கம் முடிந்ததும் நழுவி வீட்டுக்குப் போனார்கள். 'முடிந்ததும் அத்தனை பேரும் மிஷினில் இருப்போம்' என்று பாஸ்டர் முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சிலர் நழுவினால் எல்லோருக்கும் இடம் போய்விடும். அதனால் சபையில் பேசி, எல்லோரும் சரி என்று சொல்லி, எங்களை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டச் சொன்னோம். மிஷின் ஓடாத வாரமும் வாட்ச்மேன் பூட்டிவிட்டு, சாவியோடு டீ குடிக்கப் போய்விடுவார். வாராவாரம் அதற்குள் உட்கார்ந்து விடுதலையைப் பற்றிப் பாடியிருக்கிறேன். முதலாளியின் முகத்தில் அந்த அதிர்ச்சியைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு கூசியது. எங்களை அடைத்து வைத்தது அவருடைய கணக்கு என்று நினைக்க முடிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அது எங்கள் கணக்கு.

முதலாளி ஓரமாக நின்று கைகூப்பினார். "நான் பொய் சொல்லுங்கன்னு சொல்ல வரலீங்க. அந்த அக்காவ நிறுத்தவும் மாட்டனுங்க, நம்ம ஊட்டுச் சோத்தத் தின்னவிங்க. ஆனா அவங்க மறுக்கா வரும்போது, 'தெரியாமச் சொல்லிப்போட்டேன்'னு ஒரு வார்த்த வந்தாத்தானுங்க ஆர்டரு வரும். எத்தன ஊட்டுல அடுப்பு எரியோணும்னு நீங்களே பாருங்க. சாமிகிட்டக் கேட்டு நீங்களே முடிவு பண்ணுங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஷட்டர் இறங்கியது. பழக்க தோஷத்தில் வாட்ச்மேன் பூட்டினார்.

பாஸ்டர் வேதப் புத்தகத்தை மூடினார். பிறகு, பிறரை நேசிப்பதுதான் பெரிய கட்டளை என்றார். இந்தத் தெருவில் பசித்திருக்கிறவர்கள் எல்லோரும் பிறர்தானே என்றார். அவருடைய குரல் நடுங்கியது. அவர் மனைவியும் அதே கம்பெனியில் தைத்த பனியனை மடித்து அடுக்கும் கைமடி வேலை பார்த்தவர். முதலாளி சொன்ன அதே கூட்டல், இப்போது அன்பு என்ற பேரில் வந்தது. ஒருத்தி வளைந்துகொடுத்தால் ஜனம் முழுவதும் பிழைக்கும் என்பதை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். ஆண்டவரைக் கொல்லத் தீர்மானித்த அன்று, ஜனத்துக்காக ஒரே மனுஷன் சாவது நல்லது என்று பிரதான ஆசாரியர் சொன்ன நியாயம் அது. பாஸ்டருக்கு அது தெரியாமல் இருக்காது. அதனால்தான் குரல் நடுங்கியதோ என்னவோ.

எங்கள் வழக்கப்படி அக்காவை நடுவில் முழங்கால் போடவைத்து, எல்லோரும் சுற்றி நின்று தலையிலும் தோளிலும் கை வைத்து ஜெபித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர். 'ஆண்டவரே, எங்கள் சகோதரிக்கு இளகின மனசைத் தாரும்.' 'எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்தருளும்.' ஜெபத்தில் வைக்கிற வாதத்துக்கு எதிர்வாதம் செய்ய முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும். என் அம்மாவின் கையும் அக்காவின் தலைமேல் இருந்தது. எனக்கு அத்தனை பேர் மேலும் ஆத்திரம் வந்தது. ஓடவும் முடியவில்லை, வெளியே பூட்டு.

கைகள் விலகியதும் அக்கா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழமயப் பத்தி நான் ஆண்டவர்ட்டப் பேசிக்கிடுதேன். அவரு கோவிச்சாலும் எம்மேலதான் கோவிப்பாரு. கதவு அப்பிடியா பாஸ்டர் ஐயா? கதவப் பத்திப் பொய் சொன்னா, பொசுங்குறது நான் மட்டுமா?"

பாஸ்டர் பெட்டிமேல் விரித்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"சொல்லுதேன்" என்றார். "ரெண்டையும் சொல்லுதேன். ஆனா அந்தச் சாவி இனிமே எங்கையிலதான் இருக்கணும்."

அன்று மாலை நான் அவர் அறைக்குப் போய், "பொய் சொல்லாதீங்கக்கா" என்றேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். "நீ சொல்லுவ. படிச்ச பிள்ள. ஒங்க அம்ம ராவெல்லாம் என்னத்தப் பொலம்புதான்னு எங்க சொவரு வரைக்கும் கேக்கு" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் உறுதியாக நிற்க வேண்டும் என்று நான் விரும்பினேன், அவர் வளைந்தால் வரும் சோற்றை நானும்தான் சாப்பிடப் போகிறேன். இந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது. அக்கா மேலேயும் எனக்குக் கோபம்தான். கட்டளையை மீறுவதற்கு ஆட்களை எண்ணிப் பார்க்கிறார், எண்ணியபிறகு தனக்கென்று ஒரு கட்டளை போட்டுக்கொள்கிறார், இது எந்த வகை என்று என் படிப்பு உள்ளே முணுமுணுத்தது. அது எந்த வகையிலும் அடங்கவில்லை.

முதலாளியிடம் சாவியைப் பற்றிச் சொன்னபோது, "அவ்வளவுதானுங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

டெல்லிப் பெண் திரும்ப வந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து, "போன தடவ பயத்துல ஒளறிட்டேன். ஞாயிறு லீவுதான். ஷட்டரு தெறந்துதான் கெடக்கும்" என்றார். நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டெல்லிப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "அவர் உண்மையில் இதைத்தான் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார். சொன்னது அதைத்தான் என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு எழுதத் தொடங்கினார்.

ஆர்டர் வந்தது. லைன்கள் ஓடின. குழாயடியில் அக்காவோடு மறுபடி பேசினார்கள், முன்னைவிட அன்பாகவே பேசினார்கள்.

சாவி அக்காவைக் கட்டிப்போட்டது. வேலை நேரத்தில் ஷட்டரைப் பூட்டாமல் இறக்கி மட்டும் விட்டு, தன் டேபிளை அதை ஒட்டி நகர்த்தச் சொல்லிக் காவலிருந்தார். சாப்பாடு அங்கேயே. பாத்ரூம் போக வேண்டுமென்றால் என் அம்மாவைக் கூப்பிட்டு, சாவியைக் கையில் திணித்து, 'இங்கனயே நில்லு, நவுராத' என்பார். பீஸ் குறைந்தால் இப்போது முதலில் அவரைத்தான் சோதித்தார்கள். மகள் லீவுக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிவர முடியவில்லை. லீவு போட்டால் சாவி வேறு கைக்குப் போய்விடுமே என்றார்.

ஞாயிறு காலை அவர் உள்ளே வருவதை நிறுத்தினார். அப்போது மட்டும் பூட்டு விழும், அதுவும் வெளிப்பக்கம், அதனால் சாவியும் வெளியேதான் இருக்க வேண்டும். எங்களையெல்லாம் உள்ளே அனுப்பி, ஷட்டரை இறக்கி, பூட்டிவிட்டு, சந்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். டீக்கும் போக மாட்டார்.

"பூட்டாமச் சும்மா இழுத்து விட்டா என்னக்கா?" என்று கேட்டேன்.

"நழுவ விட மாட்டோம்னு ஐயா வாக்குக் குடுத்திருக்காவல்லா. ஒரு பொய்யச் சொல்லியாச்சு பிள்ள. ரெண்டாவதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

ஒரு ஞாயிறு திருவிருந்து. நாங்கள் வரிசையாகப் போய் அப்பம் வாங்கினோம். எல்லோரும் வாங்கி முடித்ததும் பாஸ்டர் தட்டோடு ஷட்டர் பக்கம் நடந்தார். வெள்ளை அங்கியோடு முழங்கால் போட்டு, தரைக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் குனிந்து, "ஷட்டரத் தெறந்து உள்ள வாம்மா. வாங்கிட்டுப் போயிரு. ஒரு நிமிசம்தான்" என்றார்.

வெளியே பெட்டி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்திருக்க வேண்டும்.

"வாரேன் ஐயா" என்றார். "நான் உள்ள இருக்கையில வெளிய யாரு நிப்பா?"

பாஸ்டர் திரும்பி எங்களைப் பார்த்தார். ஹால் நிறைய ஆட்கள் இருந்தோம். அப்பம் இன்னும் வாயில் கரையாமல் இருந்தது.

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே அக்கா திரும்பவும் பெட்டியின் மேல் உட்காரும் சத்தம் கேட்டது.